கட்டில்மேல் எடுத்து வைத்த சீலை

இன்று காலை திருப்பூரிலிருந்து வந்த பெட்டி ஒன்றை அறுத்தேன். உள்ளே குளிருக்குப் போடும் தெர்மல் உள்ளாடைகள். புதுத்துணியும் பாலித்தீனும் கலந்த வாசம் குப்பென்று முகத்தில் அடித்தது. முப்பது வருடமாக அந்த வாசத்தில்தான் எனக்குச் சோறு. ஆனால் இன்றைக்கு என் கை, நான் நினைக்காமலேயே, பெட்டிக்குள் போய் நடு சைஸில் வெள்ளை ஒன்றைத் தேடி எடுத்து ஓரமாக வைத்துவிட்டது. உனக்கென்று. வைத்த பிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது.

எதிரே ஒரு புருஷனும் பெண்டாட்டியும் நின்றிருந்தார்கள். கப்பலில் போகிறார்களாம். சிங்கப்பூரில் ஏறி ஜப்பானில் இறங்குவது. நாம் போன அதே வழி.

"ஏனுங்க்கா, ஏறற எடத்துல வேர்த்து ஊத்துமாம், எறங்கற எடத்துல கையெல்லாம் வெறைச்சுப் போயிருமாம். இதுக்கு எப்படித்தானுங்க பொட்டி கட்டறது?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு இந்த ஊரில் என்னைவிட நன்றாகப் பதில் சொல்ல ஆள் கிடையாது. ஆனாலும் விற்பனைப் பெண்ணிடம் காட்டச் சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். உனக்கு எழுதிவிடலாம் என்று தோன்றியது. நான் லேசில் அழுகிற ஆள் இல்லை, உனக்குத் தெரியும். இதுவும் அழுகை இல்லை. கரண்ட் கம்பியில் கைபட்டவள் மாதிரி இருக்கிறேன். நீ போய் இத்தனை மாதம் ஆகியும் அந்த உதறல் விடவில்லை.

நாம் பழக ஆரம்பித்தபோது எனக்குக் கடை கிடையாது. தோளில் ஒரு பை, பைக்குள் ஏற்றுமதியில் கழித்துப்போட்ட பனியன்கள். போத்தனூரில் வீடு வீடாக ஏறி இறங்குவேன். நீ அங்கே மாவு மில் வைத்திருந்தாய். தாராபுரத்துப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, புருஷன் போன பிறகு பையனைக் கூட்டிக்கொண்டு தனியாக இந்த ஊருக்கு வந்தவள். வெயில் தாங்காமல் உன் மில் வாசலில் உட்கார்ந்த என்னை நீ எழுப்பிவிடவில்லை. "சித்த உள்ள வந்து உக்காருங்க, காசா பணமா" என்றாய். பிறகு எதிர்க்கடை காலியானபோது எனக்கு அதைப் பேசி வாங்கிக் கொடுத்தவளும் நீதான். அன்றிலிருந்து தெருவுக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான்.

நான் கோட்டைமேட்டுக்காரி, வெளியே வந்தால் கறுப்பு புர்கா. நீ எந்நேரமும் வெள்ளைச் சீலை. நாம் இருவரும் சேர்ந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தால், "செஸ் போர்டு போகுது பாரு" என்று டீக்கடையில் சொல்வார்கள். நீ திரும்பிப் பார்த்து, "காயை வெட்டிப்போடுவோம், சூதானமா இருந்துக்குங்க" என்பாய். டீக்கடைக்காரன் டீயைச் சிந்துவான்.

உன் வெள்ளை எனக்குப் பிடிக்கவில்லை. மறைக்க என்ன இருக்கிறது. நான் துணி விற்கிறவள். ஒருத்தி வாசலில் கால் வைக்கும்போதே அவளுக்கு எந்தக் கலர் எடுக்கும் என்று சொல்லிவிடுவேன். உன் நிறத்துக்கு மாம்பழ மஞ்சள் அப்படி எடுக்கும். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒன்றைப் பிரித்துக் காட்டுவேன். "உன்ற மாமனார் ஊட்டுல கட்டச் சொன்னாங்கன்னு இன்னும் கட்டிக்கிட்டிருக்கறியே, இப்ப யாரு அதையெல்லாம் பாக்கறாங்க?" என்பேன். உன் பதில் எப்போதும் ஒன்றுதான்.

"மாவு மில்லுக்கு வெள்ளைதான் அம்மிணி தோது. மேல கொட்டுனாத் தெரியாது."

நானும் சிரித்துவிட்டு மடித்து வைத்துவிடுவேன். ஆனால் உன் மாமனார் வீட்டார்மேல் எனக்கிருந்த கோபம் கொஞ்சமல்ல. முகம் தெரியாத அந்த ஆட்களை எத்தனை முறை மனதுக்குள் நிற்கவைத்துக் கேட்டிருக்கிறேன், ஒரு சின்னப் பெண்ணை இப்படி வெள்ளையில் சுற்றிப் போட்டீர்களே என்று.

கப்பல் பேச்சு என் மகளால் வந்தது. சிங்கப்பூரில் இருக்கிறவள், அத்தாவுக்கும் அம்மாவுக்கும் என்று சீட்டுப் போட்டுவிட்டாள். என் வீட்டுக்காரர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "உக்கடம் கொளத்தைப் பார்த்தாலே எனக்குத் தலை சுத்துது. நடுக்கடல்ல போட்டு ஆட்டறதுக்கு எனக்கென்ன நேர்ச்சையா? உன் மில்லுக்காரியக் கூட்டிட்டுப் போ. நீங்க ரெண்டு பேரும் ஏறுனா கப்பலே எறங்கி ஓடிப்போகும்."

நீ கொஞ்சம் பிகு பண்ணினாய். மில்லை யார் பார்ப்பது என்றாய், பாஸ்போர்ட் போட்டோவில் திருடி மாதிரி இருக்கிறேன் என்றாய். பெங்களூரிலிருந்து உன் மகன் பேசினான். "போய்ட்டு வாங்கம்மா, உங்களுக்குன்னு என்ன பண்ணியிருக்கறீங்க" என்று அவன் சொன்னதும் சரி என்றாய்.

பெட்டி கட்டுவதை நான் எடுத்துக்கொண்டேன். அது என் தொழில். நான் விற்ற பனியன்களோடு பிறந்தவை எத்தனையோ கப்பல் ஏறியிருக்கின்றன. நான் ஏறப்போவது அதுதான் முதல் தடவை. இப்படிப் பயணத்துக்கு ஒரே கனமான கோட்டை நம்பக்கூடாது. மெல்லியதாக மூன்று அடுக்கு வேண்டும். உடம்போடு ஒட்டித் தெர்மல், அதன்மேல் பஞ்சு மாதிரி ஃபிளீஸ், அதற்குமேல் காற்றை நிறுத்தும் ஜாக்கெட். சிங்கப்பூரில் மூன்றும் பெட்டிக்குள் தூங்கும். வியட்நாமிலும் தூங்கும். ஹாங்காங்கில் ஒன்று எழுந்துகொள்ளும். தைவான் தாண்டினால் இரண்டாவது. ஜப்பானில் மூன்றும். ஆகவே, முதலில் தேவைப்படுவது பெட்டியின் மேலே, கடைசியில் தேவைப்படுவது அடியிலே. ஊருக்கு ஒரு பாலித்தீன் பை. ஏற்றுமதிக்காரர்கள் சைஸ் வாரியாகக் கட்டுவதுபோல் நான் குளிர் வாரியாகக் கட்டினேன்.

"வால்பாறைக் குளிரு தெரியுமல்ல? அதுக்கு மேல இருக்கும்" என்றேன்.

"வால்பாறைக்கு நான் ஒரு துண்டோட போய்ட்டு வந்தவ" என்றாய்.

உனக்காக வெள்ளைத் தெர்மல் தேடி வரவழைத்தேன். வெள்ளை ஜாக்கெட் எங்கேயும் கிடைக்கவில்லை. சந்தனம் கலந்த மாதிரி ஒன்று கிடைத்தது. நீ அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது வெள்ளையா? திரிஞ்ச பாலாட்டம் இருக்குது" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் விடவில்லை. மறுநாள் நீ மில்லில் இருந்த நேரம் பார்த்து உன் வீட்டுக்குப் போனேன். சாவி எப்போதும் என்னிடம் ஒன்று உண்டே. கட்டில்மேல் ஊர்வாரியாக எல்லாவற்றையும் பரப்பினேன். சீலை, அதன்மேல் ரவிக்கை, அதன்மேல் உள்பாவாடை, பக்கத்தில் தெர்மல். வெள்ளைகளுக்கு நடுவே என் கடையிலிருந்து இளநீலம் ஒன்று, வெங்காயச் சருகு நிறத்தில் ஒன்று. கப்பலில் ஒரு நாள் எல்லோரும் நன்றாக உடுத்திக்கொண்டு சாப்பிட உட்காருவார்களாம், அதற்கு. தலையணைப் பக்கம் சிங்கப்பூர், கால்மாட்டில் ஜப்பான். பார்க்க எவ்வளவு லட்சணமாக இருந்தது தெரியுமா? எனக்கே பெருமையாக இருந்தது.

நீ கையில் மாவோடு வாசற்படியில் வந்து நின்றாய். கட்டிலைப் பார்த்தாய். உன் முகத்தில் அப்படி ஒரு வெளிறலை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"எடுத்துரு" என்றாய்.

"இரு, எதை எப்பக் கட்டோணும்னு சொல்லிர்றேன்."

"எல்லாத்தையும் எடுத்துரு. எனக்கு நானே வெச்சுக்கறேன்."

சொல்லிவிட்டு நிற்காமல் மில்லுக்குப் போய்விட்டாய். மோட்டாரைப் போடுகிற சத்தம் எனக்கு அங்கேயே கேட்டது. நான் கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கலரைப் பார்த்ததும் மனது நொந்துவிட்டது, பாவம், உள்ளுக்குள் இவ்வளவு ஆசை வைத்திருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன். எப்பேர்ப்பட்ட கணக்கு, பார்.

புறப்படும் அன்று நீயே கட்டிய பெட்டியோடு வந்தாய். தூக்கிப் பார்த்தால் காற்றாக இருந்தது. வெள்ளைச் சீலைகளும் நான் கொடுத்த தெர்மலும் பருப்புப் பொடியும்தான். "குளிருக்கு?" என்றேன். "பார்த்துக்கலாம்" என்றாய். இந்த வார்த்தையை நம்பி நான் வியாபாரம் பண்ணியதில்லை. அதனால் என் பெட்டியில் உனக்கும் சேர்த்து ஜாக்கெட்டுகளைத் திணித்திருந்தேன். திரிந்த பால், அரக்கு, அப்புறம் ரெண்டு வருடமாக விற்காமல் கிடந்த கிளிப்பச்சை. அந்தக் கிளிப்பச்சையைப் பெட்டியில் இடைவெளி அடைக்கத்தான் போட்டேன்.

கப்பலில் நீ முதல் சில நாள் சிறு பிள்ளையாக இருந்தாய். இட்லி இல்லாத நாஷ்டாவைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாய். பஃபேயில் எனக்கு ஹலால் எது என்று நான் கேட்டு முடிப்பதற்குள், நீ வெள்ளைச் சோறும் தயிரும் கண்டுபிடித்துப் பருப்புப் பொடியைத் தூவிக்கொண்டிருப்பாய். ஹாங்காங்கில் பனிமூட்டமாக இருந்தது, தெர்மலைப் போட்டுக்கொண்டாய். தைவானில் முந்தானையை இழுத்துப் போர்த்தினாய். ஜப்பான் நெருங்குகிற அன்று காலை நான் மேல்தளத்துக்கு வந்தபோது, கப்பல்காரர்களின் கம்பளியை அறையிலிருந்து உருவி வந்து சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். மூக்கு சிவந்திருந்தது. பல் தந்தி அடித்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இவ்வளவு வீம்பு எதுக்கு? செத்துப்போன ஆளுக்காக நீ வெறைச்சுச் சாகோணுமா? அந்த வெள்ளையை உட்டாத்தான் என்ன?"

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். "நீ அந்தக் கறுப்பைப் போட்டுக்கிட்டு எத்தனை ஊருக்குச் சரக்கெடுக்கப் போயிருக்கறே. எவனாச்சும் வந்து கழட்டுன்னு சொன்னா என்ன பண்ணுவே?"

"நாக்கை இழுத்து வெச்சு அறுப்பேன்."

"அப்ப என்ற நாக்கு மட்டும் என்ன பண்ணுச்சு?"

நீ நகர்ந்து எனக்கு இடம் விட்டாய். கம்பளியின் ஒரு முனையை என்மேல் போட்டாய்.

"ஏனம்மிணி, அன்னைக்குக் கட்டில்மேல அடுக்கி வெச்சியே, நான் எதுக்கு ஓடுனேன்னு நெனச்சே?"

"கலரைப் பார்த்து மனசு நொந்துட்டேன்னு."

"கலரு என்ன பண்ணுச்சு, பாவம்" என்று சிரித்தாய். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். "கண்ணாலம் ஆன நாள்ல இருந்து அவரு போற வரைக்கும், நான் என்ன கட்டோணும்னு தெனமும் அவருதான் எடுத்து வெப்பாரு. காத்தால நான் தண்ணி வாத்துட்டு வர்றதுக்குள்ள கட்டில்மேல இருக்கும். சீலை, அதுமேல ரவிக்கை, அதுமேல உள்பாவாடை. அதைத்தான் கட்டோணும்."

"ஆசையில வெச்சிருப்பாரு."

"நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன். ஒருக்கா எங்க பெரியப்பன் ஊட்டுக் கண்ணாலத்துக்கு, அவரு வெச்சதை உட்டுப்போட்டு எனக்குப் புடிச்ச சீலையக் கட்டிக்கிட்டுப் போனேன். மண்டபத்துல ஒண்ணுஞ் சொல்லல. சிரிச்சுப் பேசிக்கிட்டுத்தான் இருந்தாரு. ஊட்டுக்கு வந்து கத்திரிக்கோலை என்ற கையில குடுத்து, அந்தச் சீலைய வெட்டச் சொன்னாரு. துண்டு துண்டா. நான் வெட்டி முடிக்கற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்து பார்த்துட்டிருந்தாரு." நீ கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டாய். "ஒரு அடி அடிச்சதில்ல அம்மிணி. அடிச்சாருன்னு சொன்னா அது பொய்யாப் போயிரும்."

என் உடம்பில் மூன்று அடுக்கும் இருந்தது. இருந்தும் எனக்குக் குளிர்ந்தது.

"அவரு போனப்ப மாமனார் என்ன சொன்னாரு தெரியுமா? காலம் மாறிப்போச்சு கண்ணு, சின்ன வயசு, நீ கலரே கட்டிக்க, எவன் கேக்கறான் பாக்கறேன்னாரு. நாந்தான் வெள்ளை எடுத்தேன். கடைக்குப் போயி, நானாப் பார்த்து எடுத்த மொதச் சீலை. அதுக்கப்புறம் யாரும் எனக்கு எடுத்து வெக்கறதுக்கு இல்ல பாரு. எல்லாம் ஒண்ணாட்டமே இருந்தா எவன் எதை எடுத்து வெப்பான்?"

நான் முப்பது வருடம் கோபப்பட்ட அந்த மாமனார் இதைத்தான் சொல்லியிருக்கிறார். நான் முப்பது வருடம் பரிதாபப்பட்ட அந்த வெள்ளை, நீ போட்டுக்கொண்ட தாழ்ப்பாள். எதிர்க்கடையில் உட்கார்ந்து தினமும் பார்த்த ஆள் நீ. என் தொழிலே ஆளைப் பார்த்து அளவு சொல்வதுதான்.

"பையனுக்குத் தெரியுமா?" என்றேன்.

"அவனுக்கு எதுக்கு? அவனுக்கு அப்பன் மொகமே ஞாபகமில்ல. நான் சொல்றதுதான் அவனுக்கு அப்பன்." பிறகு என் கையைப் பிடித்தாய். "நான் போனா இதே வெள்ளைதான் ஆமா. யாரையும் எனக்கு எடுத்து வெக்க உட்டுறாதே."

"போறதைப் பத்தி அப்புறம் பேசலாம். இப்ப குளுருக்கு என்ன பண்றே?"

நீ யோசித்தாய். "உன்ற பொட்டியைத் தொற. நான் பாக்கறேன்."

அறைக்கு வந்தோம். நான் திரிந்த பாலை எடுத்து நீட்டினேன். நீ என் கையில் பட்டென்று ஒரு அடி வைத்தாய். "கையை எடு அக்கட்ட." ஒவ்வொன்றாக எடுத்தாய், விரித்தாய், திருப்பினாய், உள்தையலைப் பார்த்தாய், வைத்தாய், மறுபடி எடுத்தாய். என் கடைக்கு அப்படி ஒரு வாடிக்கையாளர் வந்திருந்தால் நான் பொறுமை இழந்திருப்பேன். கடைசியில் அந்தக் கிளிப்பச்சையை எடுத்தாய்.

"அது உனக்கு எடுக்கவே எடுக்காது" என்றேன்.

"தெரியுது" என்று போட்டுக்கொண்டாய்.

ஜப்பானில் இறங்கிய நாள் முழுக்க வெள்ளைச் சீலையும் கிளிப்பச்சை ஜாக்கெட்டுமாகத் திரிந்தாய். ஒரு குளிர்ந்த பூங்காவில் உன்னை நிறுத்திப் படம் எடுத்தேன். முகமெல்லாம் பல். உடனே உன் மகனுக்கு அனுப்பினேன். "அம்மா கலர் போட்டுட்டாங்களா, நம்பவே முடியலீங்க சித்தி" என்று எழுதினான். நாம் அதைப் படித்துச் சிரித்தோம். அந்தப் படம் எங்கே கொண்டுபோய் விடும் என்று இருவருக்கும் தெரியவில்லை.

ஊருக்கு வந்து சில வாரம்தான். ஒரு நாள் காலை நான் கடைக் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தேன். உன் மில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் சத்தம் வேறு மாதிரி இருந்தது. அரைக்க ஒன்றுமில்லாமல் ஓடும் மில் ஒருவிதமாகக் கத்தும். நீ ஒரு நாளும் அப்படி விடமாட்டாய். நான் புர்காவைக்கூடச் சரி செய்யாமல் தெருவைத் தாண்டினேன். நீ நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். கூப்பிட்டேன். மோட்டாரை நிறுத்திவிட்டு மறுபடி கூப்பிட்டேன். டாக்டர் வந்து இதயம் என்றார். மடியில் கொஞ்சம் மாவு இருந்தது. வெள்ளையில் அது தெரியவில்லை.

மதியத்துக்குள் உன் மகனும் மருமகளும் பெங்களூரிலிருந்து வந்துவிட்டார்கள். தாராபுரத்துச் சொந்தம் எல்லாம் வந்தது. உன்னைக் குளிப்பாட்டும்போது நான் தள்ளித்தான் இருந்தேன். அது உங்கள் வீட்டார் வழக்கம். கொஞ்ச நேரம் கழித்து முகம் பார்க்க உள்ளே போனேன்.

நீ பச்சைப் பட்டில் கிடந்தாய்.

கரும்பச்சை, அரக்குக் கரை, விலை கூடின பட்டு. முகத்தில் பவுடர். யாரோ வேற்றூர்க்காரி மாதிரி இருந்தாய். எங்களில் எல்லோரும், இருக்கிறவன் இல்லாதவன் எல்லோருமே, கடைசியில் தைக்காத வெள்ளைத் துணியில்தான் போகிறோம். அந்த வெள்ளையை நானே எத்தனையோ வீட்டுக்கு வெட்டிக் கொடுத்திருக்கிறேன். கட்டிலில் கிடக்கிறவள் கேட்ட ஒரே பொருள் அது. அதை எடுத்துவிட்டார்கள்.

உன் மகன் என் பக்கத்தில் வந்தான். கண் சிவந்திருந்தது. "நல்லா இருக்குதுங்களா சித்தி? நாந்தான் எடுத்தேன். ஜப்பான்ல பச்சை போட்டுக்கிட்டு அம்மா எப்படிச் சிரிச்சாங்கன்னு நீங்கதானே படம் அனுப்புனீங்க. அதுக்கு முன்னால அம்மா அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லீங்க. காலம் பூரா வெள்ளையில வெச்சுட்டோம், கடைசியிலயாவது கலர்ல போகட்டும்னு."

நான் வாயைத் திறக்குமுன் அவனே தொடர்ந்தான். "அப்பா இருந்தவரைக்கும் தெனமும் அம்மாவுக்குச் சீலை எடுத்து கட்டில்மேல வெப்பாராமுங்க. அப்படி ஒரு பாசமாம். அம்மா எனக்குச் சின்ன வயசுல இருந்து சொல்லியிருக்காங்க. இன்னைக்கு அப்பாவுக்குப் பதிலா நான் எடுத்து வெச்சேனுங்க சித்தி."

அந்த நொடியை நான் எப்படி எழுதுவேன். கப்பலில் நீ சொன்ன அதே கட்டில், அதே சீலை. அதை எடுத்து, தேய்த்து, மணக்க மணக்க மடித்து, உன் பிள்ளைக்கு அப்பனாகக் கொடுத்திருக்கிறாய். அவன் அதை நம்பி வளர்ந்து, நல்ல மனிதனாகி, அந்தக் கதையாலேயே உனக்குப் பட்டுக் கட்டிவிட்டான். என் காதுக்குள் வெற்று மில் ஓடியது.

உண்மையைச் சொன்னால் பட்டு இறங்கிவிடும், உன் பிள்ளையின் அப்பனும் சேர்ந்து இறங்கிவிடுவான். சொல்லாவிட்டால் நீ இப்படியே போவாய். வெளியே ஆண்கள், "எடுக்க நேரமாச்சுங்க" என்றார்கள். வேற்று வீட்டுச் சாவில், வேற்று வழக்கத்தில், புர்காவோடு நிற்கிறவள் எந்த உரிமையில் பேசுவது? ஒரு மூதாட்டி, அவளும் வெள்ளைச் சீலைக்காரி, "பையன் ஆசைப்பட்டுட்டான், உட்டுருங்க அம்மிணி" என்றாள், என் முகத்தில் எதையோ படித்தவள் போல.

நான் வியாபாரி. பொய் சொல்லாமல் பேரம் பேசத் தெரியும். அவன் கையைப் பிடித்தேன்.

"கண்ணு, உங்கப்பா எடுத்து வெச்ச சீலையெல்லாம் உங்கப்பாவோட போச்சு. அவரு போனதுக்கப்புறம் உங்கம்மா தானா எடுத்தது ஒண்ணே ஒண்ணுதான். அதுக்கப்புறம் யாரு எடுத்துக் குடுத்தும் மாத்தல. நான் எத்தனை குடுத்தேன், மாத்தல. என்கிட்ட வாயத் தொறந்து கேட்டது இந்த ஒண்ணைத்தான் சாமி. வெள்ளையிலயே அனுப்பு."

அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அவன் அதை அப்பன்மேல் வைத்த பாசமாக எடுத்துக்கொண்டான். உடைந்து அழுதான். "ஏனுங்க சித்தி, பட்டுல அழகாத்தானே இருக்காங்க" என்றான், ஒரு தரம். உன் மருமகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்ன புரிந்ததோ தெரியாது. "நீங்க வெளிய இருங்க" என்று அவனைத் தோளைப் பிடித்து அனுப்பினாள். ஆண்களிடம், "பத்து நிமிசம் பொறுங்க" என்றாள். கதவைச் சாத்தினாள்.

பீரோவைத் திறந்தாள். மேல்தட்டு முழுக்க வெள்ளை. ஒன்றின்மேல் ஒன்றாக, விளிம்பு பிசகாமல்.

"எதை எடுக்கறதுங்க சித்தி?"

"எது கைக்கு வருதோ அதை எடு" என்றேன். நாங்கள் இருவரும் அந்த மூதாட்டியும் சேர்ந்து உனக்குக் கட்டிவிட்டோம். உன்னைத் தூக்கிப் பிடித்தபோது என் கன்னம் உன் தோளில் பட்டது. எனக்குத் தெரிந்த எந்தக் குளிரும் அது இல்லை.

போன வாரம் அவர்கள் இருவரும் மில்லைக் குத்தகைக்கு விடும் வேலையாக வந்திருந்தார்கள். பொழுதோடு என் கடைக்கு வந்து உட்கார்ந்தார்கள். காப்பி வாங்கிக் கொடுத்தேன். உன் பேச்சுத்தான். உன் மகன் மறுபடி அந்தக் கதையைச் சொன்னான், அப்பா தினமும் சீலை எடுத்து வைப்பார் என்று. சொல்லிவிட்டு, ஆமாம்தானே என்பதுபோல் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். கழுத்து என்னுடையதாக இல்லை. வாழ்க்கையில் கழிவுச் சரக்கைக்கூட நல்ல சரக்கு என்று விற்றதில்லை நான். இந்தக் கதையை மட்டும் நீ எனக்கு விட்டுவிட்டுப் போனாய். நான் இருக்கும்வரை இதை வைத்துக் காப்பாற்ற வேண்டும்.

மருமகள் அவன் விலாவில் இடித்தாள். "மாமா தெனமும் எடுத்து வெச்சாராம். நீங்க எனக்கு ஒரு நாளாவது எடுத்து வெச்சிருக்கீங்களா? என் அளவே தெரியாது உங்களுக்கு."

"இன்னைக்கே ஆரம்பிச்சர்றேன் போ" என்று சிரித்துக்கொண்டே எழுந்தான். குர்த்தி அடுக்கியிருந்த தட்டுக்குப் போய் ஒரு மஞ்சளை உருவினான். "இது உனக்கு நல்லா இருக்கும்."

எனக்குத் தெரியும், அவன் அவன்தான். அவன் அப்பன் இல்லை. உன் கையில் வளர்ந்த பிள்ளை. அவன் முகத்தில் இருந்தது வெறும் ஆசை, வேறொன்றும் இல்லை. எல்லாம் தெரிந்தும், கல்லாவிலிருந்து நான் எப்போது எழுந்தேன், எப்போது தட்டுக்கு முன்னால் போய் நின்றேன் என்று தெரியவில்லை. அவன் கையிலிருந்த குர்த்தியைப் பிடித்துவிட்டேன்.

"வை கண்ணு. அவளே எடுக்கட்டும்."

"ஏனுங்க சித்தி, என் செலக்‌ஷன்மேல நம்பிக்கை இல்லைங்களா?"

"இல்ல கண்ணு" என்றேன்.

அவன் சிரித்தான். விற்பனைப் பெண்ணும் சிரித்தாள். மருமகள் சிரிக்கவில்லை. என்னை ஒரு தரம் பார்த்தாள், கதவைச் சாத்திய அன்று பார்த்த மாதிரி. பிறகு எழுந்து வந்து முதல் அடுக்கிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொன்றாக எடுத்தாள், விரித்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், வைத்தாள். கடை மூடுகிற நேரம் ஆகிவிட்டது. பக்கத்துக் கடைகளில் கதவை இறக்குகிற சத்தம் கேட்டது. விளக்கை அணைக்கட்டுமா என்று விற்பனைப் பெண் கேட்டாள். வேண்டாம் என்றேன். எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்திருந்தேன்.